ஜொனாத்தன் விச்சர்: ஒரு காவல் அதிகாரியின் பிற்காலம்

1864ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் மாநகரக் காவல் துறையிலிருந்து 49 வயது நிரம்பிய ஆய்வாளர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஆண்டுக்கு 133 பவுன் 6 ஷில்லிங் 8 பென்ஸ் ஓய்வூதியம். ஓய்வுக்குரிய காரணமாக மூளையில் இரத்தம் தேங்கிய நோய் என்று மருத்துவச் சான்று கூறிற்று. அந்நாளைய மருத்துவர்கள் நீண்ட மனக்கவலையால் விளையும் நலிவுக்குச் சூட்டிவந்த பெயர்களுள் அதுவும் ஒன்று. இக்காலத்தில் நாம் மனமுறிவு என்று சொல்லக்கூடும். பணியில் சேர்ந்து இருபத்தாறு ஆண்டுகளும் சில மாதங்களும் கடந்திருந்தன. இங்கிலாந்தின் தலைசிறந்த துப்பறிவாளர் என்று ஒரு காலத்தில் போற்றப்பெற்ற ஜொனாத்தன் விச்சர்தாம் அவர்.

அவரை வீழ்த்தியது தோல்வியன்று என்பதே அவர் வாழ்க்கையின் விந்தை. அவர் சரியாகக் கண்டறிந்தார். கண்டறிந்ததை ஒருவரும் ஏற்கவில்லை. உண்மையைச் சொன்னதற்காக எள்ளி நகையாடப்பெற்ற மனிதர் எவ்வாறு நலிந்தார், எவ்வாறு மீண்டெழுந்தார் என்பதே இங்கு நினைவுகூரத் தக்கது.

விச்சர் 1814ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தென் இலண்டனைச் சார்ந்த கேம்பர்வெல் என்னும் ஊரில் பிறந்தார். அன்று அது தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர். தந்தையார் தோட்டத் தொழிலாளி. மகனும் இளமையில் கூலி வேலையே செய்தார். 1837ஆம் ஆண்டு செப்டம்பரில் மாநகரக் காவல் படையில் காவலராகச் சேர்ந்தார். சர் ராபர்ட் பீல் அப்படையை நிறுவி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. எண் பொறித்த கழுத்துப்பட்டை, உயர்ந்த தொப்பி, கனத்த நீலச் சீருடை இவற்றோடு காவலர் நாள்தோறும் பல கல் தொலைவு நடந்தே தீரவேண்டும். பணி இல்லாத நேரத்திலும் சீருடையைக் களையலாகாது என்பது விதி. பொதுமக்களிடையே ஒற்றர்போல் எவரும் மறைந்து திரியவில்லை என்று காட்டுதற்காகவே அவ்விதி ஏற்பட்டது.

இதனைச் சற்று விளக்குதல் வேண்டும். ஆங்கிலேயர் அந்நாளில் ஒற்றரை அஞ்சினர். வெறுத்தனர் என்றாலும் பொருந்தும். மாறுவேடத்தில் மக்களை வேவு பார்ப்பது பிரெஞ்சு நாட்டு வழக்கம் என்றும், உரிமை பெற்ற ஆங்கிலக் குடிமகனுக்கு அது இழுக்கு என்றும் எண்ணினர். வள்ளுவர் ஒற்றாடலை அரசனின் இன்றியமையாக் கருவிகளுள் ஒன்றாகக் கொண்டு தனி அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஒத்துப் பார்க்கவேண்டும் என்றும், ஒற்றனுக்குரிய சிறப்பினைப் பிறர் அறியச் செய்தலாகாது என்றும் அவர் வரையறுத்தவை விச்சரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்குங்கால் புதிய பொருள் தருகின்றன. இவருடைய செய்தியை ஒத்துப் பார்க்க இரண்டாவது சான்று கிட்டவில்லை. இவருடைய சிறப்போ எல்லாரும் அறியும்படி ஏடுகளில் பாராட்டப்பெற்றது. இரண்டும் பின்னர் அவருக்கே கேடாயின.

1842ஆம் ஆண்டு டேனியல் குட் என்னும் கொலைகாரன் பல நாள் காவலர் கைக்கு அகப்படாமல் இலண்டனில் ஓடி ஒளிந்தான். அந்த அவமானத்தின் விளைவாகவே ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு தோன்றியது. ஆய்வாளர் இருவர், சார்ஜண்டுகள் அறுவர், ஆக மொத்தம் எட்டுப் பேர். பெருநகரம் முழுமைக்கும் அவ்வளவே. அவ்வெண்மருள் ஒருவராக விச்சர் தெரிந்தெடுக்கப்பட்டார். சீருடை கழன்றது, குடிமகனின் உடை வந்தது. அவர் குள்ளமாகவும் திரண்டும் இருந்தவர்; முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. கூட்டத்தில் கலந்தால் கண்டுபிடிக்க இயலாத தோற்றம்.

இப்பிரிவினரைத் தமிழ் வாசகரும் ஒருவகையில் அறிவர். சார்லஸ் டிக்கன்ஸ் தாம் நடத்திய ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ என்னும் இதழின் அலுவலகத்திற்கு 1850ஆம் ஆண்டு கோடையில் இவர்களை விருந்தழைத்தார். சுருட்டும் பிராந்தியும் மேசைமேல் இருக்க, அரை வட்டமாக அமர்ந்து ஒருவர் பின் ஒருவராகத் தத்தம் அனுபவங்களை எடுத்துரைத்தனர். அவர்களுடைய பெயர்களைச் சற்றே திரித்து டிக்கன்ஸ் அதே ஆண்டு அதனைக் கட்டுரையாக்கினார். ஆய்வாளர் சார்லஸ் ஃபீல்டு கலகலப்பானவர். பருத்த விரலை நீட்டிப் பேசும் வழக்கமுடையவர். அவையைத் தம் வயப்படுத்துபவர். பின்னாளில் ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் வரும் ஆய்வாளர் பக்கெட் அவருடைய நிழல் என்று சொல்லப்படுவதுண்டு. விச்சரோ அவையில் அடக்கமாக இருந்தார். மனத்துக்குள் ஏதோ நெடிய கணக்குப் போடுபவர் போன்ற பாவனை என்று டிக்கன்ஸ் கண்டார். ஆயினும் முறை வந்தபோது விச்சர் சொன்ன குதிரைத் திருடன் கதைதான் அவ்விருந்தில் சுவை மிக்கது. ஒரு கடிதத்தின் போக்கைப் பின்பற்றி நார்தாம்ப்டன் பக்கத்து நாட்டுப்புற விடுதி ஒன்றுக்குச் சென்று, முரடர் சூழ்ந்திருந்த இடத்தில் தன்னந்தனியே நின்று திருடனைப் பிடித்த கதை அது. நண்பர்கள் அவரை ஜாக் என்று அழைத்தனர். உடன் பணி செய்தோரிடம் அவருக்கிருந்த செல்வாக்குப் பெரிது. தம்மினும் இளையவரான அடால்பஸ் வில்லியம்சனைத் தொழிலில் பழக்கியவர் அவரே. இந்த வில்லியம்சனை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம். இவ்வரலாற்றில் மும்முறை வருவார்.

1851இல் செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்து வங்கி ஒன்றைக் கொள்ளையிடத் திட்டமிட்டவர்களை வாரக்கணக்கில் பொறுமையோடு கண்காணித்துக் கையும் களவுமாகப் பிடித்தார். 1856இல் ஆய்வாளர் ஆனார். மணிக்கணக்கில் அசையாது காத்திருத்தல், பிறர் கண்களை நோக்கியே உள்ளத்தை எடைபோடுதல் ஆகியன அவருடைய திறன்களாகச் சொல்லப்பட்டன. இவ்வெற்றிகளை இவ்வளவில் நிறுத்திக் கொள்ளலாம். திருடரைப் பிடித்த கதைகள் பலவும் ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை.

1860ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இரவு. வில்ட்ஷயர், சாமர்செட் மாவட்டங்களின் எல்லையில் ரோடு என்னும் சிற்றூர். அங்கே ரோடு ஹில் இல்லம் என்ற பெரிய மனையில் தொழிற்சாலைத் துணை ஆய்வாளரான சாமுவேல் கெண்ட் குடும்பத்தோடு வாழ்ந்து வந்தார். மறுநாட் காலை அவருடைய மகன், நான்கு வயதுகூட நிரம்பாத சாவில், தொட்டிலில் இல்லை. செவிலிப் பெண் எலிசபெத் காஃப், தாய் எடுத்துச் சென்றிருப்பார் என்று எண்ணி வாளா இருந்தாள். தாயிடமும் குழந்தை இல்லை. கூடத்துச் சன்னல் சிறிதே திறந்திருந்தது. ஊரார் இருவர் தேடியபோது தோட்டத்து ஓரத்தில் பணியாளர்க்குரிய கழிப்பிடக் குழியில் குழந்தையின் உடல் கிடைத்தது. கழுத்து அறுக்கப்பட்டு, மார்பிலும் குத்துண்டு இருந்தது. அதன் தொட்டில் கம்பளியும் உடன் கிடந்தது.

வெளியார் எவரும் நுழைந்ததற்கு அடையாளம் இல்லை. கொலையாளி அவ்வீட்டில் உறங்கி எழுந்தவர்களுள் ஒருவரே. இந்த ஒன்றுதான் இங்கிலாந்து முழுவதையும் அச்சுறுத்தியது. மதிலும் தாழ்ப்பாளும் மரத்திரைகளும் கொண்டு தன் இல்லத்தைக் கோட்டையாக்கிக்கொண்ட நடுத்தர வர்க்கம், பகை கோட்டைக்கு உள்ளேயே இருக்கக்கூடும் என்பதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

உள்ளூர்க் காவல் கண்காணிப்பாளர் ஃபோலி செய்த பிழைகள் பல. அவற்றுள் ஒன்று இங்கு இன்றியமையாதது. கொலை நடந்த நாளன்றே சமையற்கட்டை அடுத்த அடுப்பின் புகைவழியில் இரத்தக் கறை படிந்த பெண்ணின் உள்ளாடை ஒன்றைக் காவலர் கண்டெடுத்தனர். அது மாதவிடாய்க் கறை என்று கருதிய ஃபோலி கூச்சத்தால் அதனைப் பற்றி மேலே பேசவில்லை. பின்னர் அந்த ஆடையும் காணாமற் போயிற்று. அன்றிரவு வீட்டில் காவல் வைக்கப்பெற்ற இரு காவலரைச் சமையலறையில் இருத்தி, கதவை வெளிப்புறம் தாழிட்டுச் சென்றார் வீட்டுத் தலைவர் கெண்ட். இச்செய்திகள் எதனையும் விச்சருக்கு உள்ளூர்க் காவலர் சொல்லவில்லை.

கொலைக்கு இரண்டு வாரங்களுக்குப் பின் விச்சர் ரோடு வந்தடைந்தார். உள்துறை அமைச்சர் அனுப்பிவைத்தார். உதவிக்குப் பின்தொடர்ந்து வந்தவர் வில்லியம்சன். தடயங்கள் அழிந்துவிட்டன, உள்ளூர்க் காவலர் ஒத்துழைக்கவில்லை, இலண்டனிலிருந்து வந்து தங்களுக்குப் பாடம் கற்பிக்கிறார் என்ற புழுக்கம் அவர்களுக்கு. எனவே விச்சர் தம்மிடம் எஞ்சியிருந்த ஒரே கருவியைக் கையாண்டார். இல்லாத பொருளைத் தேடினார்.

கெண்டின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள் கான்ஸ்டன்ஸ். வயது பதினாறு. அவளிடம் மூன்று இரவு உடைகள் இருந்தமைக்குப் பட்டியல் இருந்தது. இப்போது இருப்பவை இரண்டே. மூன்றாவது, கொலைக்குப் பின் வந்த திங்கட்கிழமை சலவைக்குப் போய்த் தொலைந்துவிட்டது என்று வீட்டார் சொன்னார்கள். சலவைப் பெண்ணோ தன் கைக்கு அது வரவேயில்லை என்றாள். விச்சர் பணிப்பெண்ணை உசாவினார். அழுக்குக் கூடை கட்டும் நேரத்தில் கான்ஸ்டன்ஸ் வந்து, தன் பாவாடைப் பையில் பணப்பை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். பிறகு ஒரு குவளை நீர் கொணரும்படி அவளைக் கீழே அனுப்பினாள். அந்தச் சில நொடிகளில், கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட உடையைக் கூடையிலிருந்து அவள் மீண்டும் எடுத்துக்கொண்டாள் என்று விச்சர் ஊகித்தார். கூடையில் போட்டது கொலை இரவில் உடுத்தாத வேறோர் உடை. அதனைத் திரும்ப எடுத்துவிட்டால், கொலை இரவில் உடுத்து அழிக்கப்பட்ட உடையின் இழப்புச் சலவைப் பெண்ணின் தலையில் விழும். ஒரு குவளை நீரும் ஓர் உடையுமே இவ்வழக்கின் முழு ஆதாரம்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியவந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கான்ஸ்டன்ஸ் தன் தம்பி வில்லியமுடன் வீட்டை விட்டு ஓடியிருந்தாள். தலைமுடியைக் கத்தரித்து, ஆண்பிள்ளை உடை தரித்துப் பாத் நகர் வரை சென்று பிடிபட்டாள். கத்தரித்த முடியையும் களைந்த உடையையும் அவள் எறிந்த இடம், பின்னர்க் குழந்தையின் உடல் கிடைத்த அதே கழிப்பிடக் குழி. தாய் மனநோயுற்றவர் என்று ஒதுக்கப்பட்டு இறந்தவர். வீட்டில் ஆசிரியையாக இருந்தவளே சிற்றன்னை ஆனாள். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகள் கீழ்த்தளத்தில் செல்வமாக வளர, முதல் தாரத்துப் பிள்ளைகளின் இடம் மேல் மாடியில் வேலைக்காரருக்கு அருகில். துப்பறிவாளருக்கு இதில் ஒரு முழு வாழ்க்கை தெரிந்தது. நீதிமன்றத்துக்கு அது சான்றாகாது.

ஜூலை 20ஆம் நாள் கான்ஸ்டன்ஸ் கைது செய்யப்பட்டாள். ஒரு வாரத்திற்குள் தொலைந்த உடையைக் கண்டுபிடித்தாக வேண்டும். அது கிடைக்கவில்லை. 27ஆம் நாள் ஊர் மதுவிலக்கு மண்டபத்தில் விசாரணை நடந்தது. எதிர்வழக்கறிஞர் எட்லின், கண்டவர் எவருமில்லாத ஓர் இரவு உடையை வைத்துக்கொண்டு ஒரு குலப்பெண்ணின் வாழ்வைப் பாழாக்கினார் என்று விச்சரைச் சாடினார். பெண் பிணையில் விடுவிக்கப்பட்டாள், மண்டபம் ஆரவாரித்தது. மறுநாள் விச்சர் இலண்டனுக்குத் திரும்பினார்.

ஏடுகள் அவரை விடவில்லை. நாடாளுமன்றத்திலும் கண்டனக் குரல் எழுந்தது. தோட்டக்காரன் மகன் ஒருவன் கனவான் வீட்டுக் குமரியின் உடைகளைத் தொட்டு எண்ணியது சகித்தற்கரிய குற்றமாயிற்று. வெறுப்பின் அடியில் இருந்தது அறமன்று. சாதி போன்றதொரு வர்க்க உணர்வே. டிக்கன்ஸ்கூடத் தம் நண்பரை நம்பவில்லை. தந்தையும் செவிலிப் பெண்ணுமே செய்தார்கள் என்று அவர் வில்கி காலின்சுக்கு எழுதிய கடிதத்தில் ஊகம் சொன்னார். பத்து ஆண்டுகளுக்கு முன் தம் மேசையில் அமர்த்திக் கொண்டாடியவரின் சொல்லை, ஊரார் அனைவரையும்போல அவரும் ஒதுக்கினார். இலையுதிர் காலத்தில் செவிலிப் பெண் கைது செய்யப்பட்டு விடுதலையானாள். மறைக்கப்பட்ட உள்ளாடைச் செய்தி பின்னர் வெளிப்பட்டபோது விச்சர் துடித்திருக்க வேண்டும். ஆயினும் அவர் தம் முடிவை மாற்றவில்லை. கான்ஸ்டன்ஸ் தானே ஒப்புக்கொண்டாலன்றி உண்மை வெளிவராது என்பதே அவர் கருத்து.

1861இல் சர்ரே மாவட்டத்துக் கிங்ஸ்வுட்டில் நடந்த கொலை வழக்கிலும் அவர் குற்றவாளியென நம்பியவர் விடுதலை பெற்றார். தம்மைத் தாமே நம்ப இயலாத நிலை எப்போது தொடங்கியது என்று வரையறுத்துச் சொல்ல இயலாது. கண்டதையும் கேட்டதையும் இணைத்துப் பொருள் காண்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு, அவ்விணைப்பே பொய்யோ என்னும் ஐயம் தோன்றிவிட்டால் அதனின் கொடிய நோய் வேறில்லை. மூன்று ஆண்டுகள் தாங்கினார். பின்னர் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மருத்துவச் சான்று வந்தது.

ஓய்வுக்கு முன்னரே இன்னொரு பக்கத்தில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. கான்ஸ்டன்ஸ் பிரான்சு நாட்டுத் தினான் நகர்க் கன்னியர் மடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1863இல் பிரைட்டன் நகரத்துச் செயின்ட் மேரி இல்லம் என்னும் ஆங்கிலத் திருச்சபை மடத்தை அடைந்தாள். ஆர்தர் வேக்னர் என்னும் குருவிடம் பாவ சங்கீர்த்தனம் செய்தாள். 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் கறுப்பு உடை தரித்து, குருவும் மடத் தலைவியும் உடன் வர, இலண்டன் போ தெரு நீதிமன்றத்தில் தோன்றித் தம்பியைக் கொன்றவள் தானே என்றாள். தனியே செய்ததாகவும் பிறர் எவருக்கும் அதில் பங்கில்லை என்றும் சொன்னாள். அவளை வில்ட்ஷயருக்கு அழைத்துச் சென்ற அதிகாரி வில்லியம்சன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் விச்சரின் அருகில் நின்று அவமானத்தைப் பங்கிட்டுக்கொண்ட அதே வில்லியம்சன். ஜூலை 21ஆம் நாள் சால்ஸ்பரியில் அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ள, மரண தண்டனை விதிக்கப்பட்டு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அவள் அளித்த விளக்கத்தில் சலவைக் கூடையும் குவளை நீரும் விச்சர் ஊகித்தபடியே இடம்பெற்றன. கறை பட்ட உடையை எரித்துவிட்டிருந்தாள்.

காலங்கடந்து வந்த இந்த நீதி எத்தகையது என்று எண்ணிப் பார்த்தல் தகும். சில ஏடுகள் விச்சரை நினைவுகூர்ந்தன. ஆனால் பறிபோன பதவி திரும்பவில்லை. ஓய்வு பெற்றவருக்குப் பதவி உயர்வு தர அரசுக்கு வழியில்லை. அரசு தேடவும் இல்லை. வெற்றியை எண்ணி மகிழ்வதற்கும் அதில் இடமில்லை. அவர் சொன்னது சரியென்று மெய்ப்பிக்கப்பட்டதன் பொருள், இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி தூக்குமேடையின் நிழல் வரை சென்றாள் என்பதே. அவருடைய ஊகம் முழுமையும் நிறைவேறியதும் இல்லை. கான்ஸ்டன்சின் வாக்குமூலத்தில் உடற்கூறு ஆய்வோடு பொருந்தாத சில செய்திகள் உண்டு. தம்பி வில்லியமுக்கு அதில் பங்கிருந்திருக்கலாம் என்னும் எண்ணம் விச்சருக்கே இருந்தது. தன்னந்தனியே செய்ததாக அவள் வற்புறுத்தியது தம்பியைக் காக்கவே என்பார் பின்னைய ஆய்வாளரும். கேட் சம்மர்ஸ்கேல் 2008இல் எழுதிய நூல் இவ்வினாவை மீண்டும் பலர் முன் வைத்தது.

எவ்வாறாயினும் அவர் தேறினார் என்பது அதன்பின் வந்த ஆண்டுகளில் தெரிகிறது. 1866இல் சார்லட் பைப்பர் என்ற கைம்பெண்ணை மணந்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் அவர் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் அந்த அம்மையார். மறுமணமோ வாடகை வீடோ பெரிய செய்திகள் அல்ல. ஆனால் பிறர் இல்லங்களின் இரகசியங்களை அறிவதிலேயே நாளைக் கழித்த ஒருவர், ஐம்பதைக் கடந்தபின் தமக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொண்டது சிறிதன்று. அடுத்த ஆண்டே தனியார் துப்பறிவாளராக மீண்டும் தொழிலில் இறங்கினார்.

கையேற்ற வழக்கோ அந்நூற்றாண்டின் மிகப் பெரிய வழக்கு. 1854இல் கடலில் மாண்டதாகக் கருதப்பட்ட ரோஜர் டிச்போர்ன் என்னும் செல்வக் குடும்பத்து வாரிசு தானே என்று ஆஸ்திரேலியாவிலிருந்து பருத்த உடலினன் ஒருவன் வந்தான். மகனை இழந்த தாய் அவனை ஏற்றுக்கொண்டாள். குடும்பத்தார் ஏற்கவில்லை; விச்சரை அமர்த்தினர். 1866ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இலண்டனில் இறங்கியவன் அன்றிரவே வாப்பிங் என்னும் துறைமுகப் பகுதிக்குச் சென்று, ஆர்டன் என்ற இறைச்சிக் கடைக்காரர் குடும்பத்தைப் பற்றி ஒரு மதுக்கடையில் உசாவினான் என்பதை விச்சர் கண்டறிந்தார். செல்வந்தர் வீட்டு மகன் நெடும் பயணத்திற்குப் பின் முதல் இரவில் இறைச்சிக் கடைக்காரரை ஏன் தேடவேண்டும்? அவன் ஆர்தர் ஆர்டனே என்ற முடிவுக்கு அக்கேள்வி இட்டுச் சென்றது. ஆர்டனின் பழைய காதலியையும் விச்சர் தேடிப் பிடித்தார். ரோடு வழக்கில் கிட்டாத இரண்டாவது, மூன்றாவது சான்றுகள் இங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

1871இல் தொடங்கிய உரிமை வழக்கும் 1873, 1874 ஆண்டுகளில் நடந்த குற்ற வழக்கும் நாட்டையே இரு கூறாக்கின. ஏழை மக்கள் பலர் உரிமை கோரியவன் பக்கம் நின்றனர். அவர்கள் கண்ணில் விச்சர் செல்வர்களின் கைக்கூலி. கனவான் வீட்டுப் பெண்ணைத் தொட்டதற்காக மேட்டுக்குடியினரால் தூற்றப்பட்டவர், இம்முறை மேட்டுக்குடியினருக்கு உழைத்ததற்காக எளியோரால் தூற்றப்பட்டார். தெருவிலும் வழக்கு மன்றத்திலும் ரோடு வழக்கை நினைவூட்டி ஏசினர். ஆனால் 1860இல் முறிந்தவர் இப்போது முறியவில்லை. ஆண்டுக்கணக்கில் அலைந்து சான்று திரட்டினார். ஆர்டனுக்குப் பதினான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இதற்கிடையே அவர் அறியாமலே, அல்லது அறிந்தே, வேறோர் உருவில் நிலைபெற்றுவிட்டார். 1868இல் வெளிவந்த வில்கி காலின்சின் ‘மூன்ஸ்டோன்’ நாவலில் சார்ஜண்ட் கஃப் என்னும் துப்பறிவாளர் வருகிறார். 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கவரப்பட்ட இந்திய வைரம் ஓர் ஆங்கில இல்லத்தில் காணாமற்போகிறது. இரத்தத்துக்குப் பதிலாக வண்ணக் கறை. ஆனால் அதே தொலைந்த இரவு உடை, அதே வீட்டு மகள்மீது ஐயம், அதே மழுங்கிய உள்ளூர்க் காவலர், அதே தோல்வியோடு திரும்பும் அதிகாரி. கஃப் பணி துறந்து ரோஜா வளர்க்கச் செல்கிறார். ஆங்கிலத் துப்பறியும் புதினத்துக்கு வழிவகுத்த நூல் அது என்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் தழுவியும் ஆக்கியும் தமிழுக்குத் தந்த நாவல்களில் உலவிய துப்பறிவாளர்களின் கால்வழியைப் பின்னோக்கித் தேடினால், அம்மைத் தழும்பு முகத்துடைய இம்மனிதரிடமும் வந்து சேரும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கதையில் வரும் துப்பறிவாளர் இறுதி அதிகாரத்தில் அனைவரையும் கூட்டி உண்மையை விளக்குவார், அனைவரும் நம்புவர்.

இறுதி ஆண்டுகளில் விச்சரும் சார்லட்டும் தென் இலண்டனில் பாட்டர்சீ பகுதியின் லாவெண்டர் குன்றில் ஒரு வீட்டில் வாழ்ந்தனர். மணமலர்த் தோட்டங்களால் பெயர்பெற்ற இடம் அது. அவர் பிறந்த கேம்பர்வெல் அங்கிருந்து அதிகத் தொலைவன்று. தோட்டக்காரர் மகன் மீண்டும் தோட்டங்களுக்கு இடையே வந்து சேர்ந்தார் எனலாம். வில்லியம்சன் இக்காலத்தில் துப்பறியும் பிரிவின் தலைவராக உயர்ந்திருந்தார். 1877இல் அப்பிரிவின் மூத்த அதிகாரிகள் சிலர் கையூட்டு வழக்கில் சிறை சென்றபோது, பழைய எண்மரின் நற்பெயரைத் தாங்கி நின்றவர் அவரே. இருவருக்குமிடையே இருந்த நட்பு விச்சரின் இறுதிவரை நீடித்தது.

1881இல் விச்சர் இரைப்பை அழற்சியாலும் குடற்புண்ணாலும் துன்புற்றார். புண் இரைப்பையைத் துளைத்தது. ஜூன் 29ஆம் நாள் அறுபத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். ரோடு ஹில் இல்லத்தில் கொலை நிகழ்ந்த இரவுக்குச் சரியாக இருபத்தோராண்டு நிறைவு அது. சார்லட் அம்மையார் 1883இல் மறைந்தார்.

கான்ஸ்டன்ஸ் அப்போதும் சிறையில் இருந்தாள். இருபது ஆண்டுத் தண்டனை முடிந்து 1885 ஜூலையில் விடுதலையாகி, மறு ஆண்டு தம்பி வில்லியம் இருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினாள். வில்லியம் சாவில் கெண்ட் கடல்வாழ் உயிரியல் அறிஞராகி, பெருந்தடுப்புப் பவளத் திட்டைப் பற்றி 1893இல் பெருநூல் எழுதியவர். தமிழில் துப்பு என்னும் சொல்லுக்குப் பவளம் என்ற பொருளும் உண்டு. கான்ஸ்டன்ஸ் பெயரை மாற்றிக்கொண்டு செவிலியர் பயிற்சி பெற்றாள். தொழுநோயாளர்க்கும் பணி செய்தாள். செவிலியர் விடுதி ஒன்றை நெடுங்காலம் நடத்தினாள். 1944ஆம் ஆண்டு ஏப்ரலில், நூறு வயது நிறைந்து இரண்டு மாதங்கள் கழித்து இறந்தபோது, அவள் யாரென்று உடனிருந்தவர்களுக்குத் தெரியாது.